வருஷத்துக்கு 11 மணி நேரம்: எப்போதாவது பறக்கும் ஒரு விமானியின் இன்சூரன்ஸ் கதை

பொழுதுபோக்காக விமானம் ஓட்டும் ஒரு நண்பருக்கு 2022-க்கும் 2025-க்கும் நடுவில் நடந்ததை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன். இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டுக்கு மேற்கே இருக்கும் ஒரு சின்ன விமானத்திடல். நானும் அங்கேதான் பறக்கிறேன். அவருடைய இன்சூரன்ஸ் காகிதங்களை இரண்டு முறை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிப் போட்டு நாங்கள் சேர்ந்து படித்தோம். எழுதச் சொன்னதே அவர்தான், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். தொகைகள் எல்லாம் அவருடைய பில்களில் இருந்தவை. வேறு ஊரில், வேறு வருஷத்தில், வேறு விமானத்துக்கு அவை மாறும். ஆனால் கணக்கு போகும் வழி பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன்.

பின்னணி

நண்பர் கார் கம்பெனி எஞ்சினியர். 2018-ல், தன் 42-வது வயதில் தனியார் விமானி லைசென்ஸ் வாங்கினார். சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம் பயிற்சி போதும், ஆனால் வேலைக்கு நடுவே கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் 40-ல் முடிப்பதில்லை. இவருக்கு 71 ஆனது. மறு வருஷம், திடலில் பழக்கமான ஒரு பெரியவரோடு சேர்ந்து 1975-ம் வருஷத்து செஸ்னா 172 என்ற சின்ன விமானம் ஒன்றில் பாதிப் பங்கு வாங்கினார். முழு விமானம் 48,000 டாலர், இவர் பங்கு 24,000. பெரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், 1,400 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

முதல் வருஷம் நண்பர் 34 மணி நேரம் பறந்தார். 2020-ல் 26. அப்புறம் இரண்டாவது குழந்தை, வீட்டிலிருந்தே வேலை, ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு முறை இந்தியா போய் வந்தது. 2021-ல் மொத்தமே 11 மணி நேரம்.

அந்த வருஷங்களில் இன்சூரன்ஸ் பிரீமியம், விமானத்துக்கு மொத்தமாக, இப்படிப் போனது: 2019-ல் 1,180 டாலர், 2020-ல் 1,390, 2021-ல் 1,870. பறப்பது குறையக் குறையக் கட்டணம் ஏறியது. அப்போது அதை அவர் தனியாகக் கவனிக்கவில்லை, எல்லா விலையும்தானே ஏறுகிறது என்று விட்டுவிட்டார்.

இந்த விஷயம் தெரியாதவர்களுக்காக: சொந்தப் பொழுதுபோக்குக்குப் பறப்பவர் இன்சூரன்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விமானச் சட்டம் சொல்வதில்லை. ஆனால் ஹேங்கரை, அதாவது விமானம் நிறுத்தும் கொட்டகையை, வாடகைக்குக் கொடுப்பவர் கேட்பார், கடன் கொடுத்த வங்கி கேட்கும், கூட்டாளியும் கேட்பார். பாலிசியில் இரண்டு பாகம். ஒன்று லயபிலிட்டி, அதாவது நாம் அடுத்தவருக்கும் அடுத்தவர் சொத்துக்கும் செய்யும் சேதம். இவர்களிடம் இருந்தது சின்ன விமானக்காரர்கள் பலரிடமும் இருக்கும் அளவு: ஒரு விபத்துக்கு மொத்தம் 10 லட்சம் டாலர், ஆனால் விமானத்தில் உட்கார்ந்திருக்கும் பயணி ஒருவருக்கு 1 லட்சம்தான் உச்சம். இன்னொன்று ஹல், விமானத்துக்கே ஆகும் சேதம். கார் மாதிரி அன்றைய சந்தை விலை பார்த்துத் தரமாட்டார்கள். முன்கூட்டியே பேசி எழுதிய மதிப்பு எதுவோ, அதுதான்.

2022 மார்ச்: புதுப்பிக்கும் படிவம்

புரோக்கர் அனுப்பிய படிவத்தில் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு வரிசை. மொத்த மணி நேரம், இதே ரக விமானத்தில் எவ்வளவு, கடந்த 12 மாதத்தில் எவ்வளவு, கடந்த 90 நாளில் எவ்வளவு, வயது, மருத்துவச் சான்று தேதி, கடைசியாக இன்ஸ்ட்ரக்டரோடு செய்த மறுபரிசீலனைப் பறப்பின் தேதி, ஏற்கெனவே க்ளெய்ம் உண்டா.

நண்பர் மொத்தம் 162 என்று எழுதினார். 12 மாதக் கட்டத்தில் 11 என்று எழுத வேண்டியவர், பேனாவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். “25-னு போட்டா யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டார். தெரியும். விபத்து நடந்து க்ளெய்ம் போட்டால் கம்பெனிக்காரர் கேட்பது லாக்புக், ஒவ்வொரு பறப்பையும் விமானி பதிந்து வைக்கும் புத்தகம். அதில் 11 இருந்து படிவத்தில் 25 இருந்தால், தவறான தகவல் கொடுத்து வாங்கிய பாலிசி என்று சொல்லிப் பணம் தர மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். வருஷா வருஷம் பணம் கட்டியும் இன்சூரன்ஸ் இல்லாத நிலைதான் மிஞ்சும். அவர் 11 என்றே எழுதினார். 90 நாள் கட்டத்தில் சைபர். மிச்சிகனில் டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனியும் தாழ்ந்த மேகமும்தான்.

நான்கு நாளில் பதில் வந்தது. ஒரு கம்பெனி கைவிரித்தது. ஏற்கெனவே இருந்த கம்பெனி 2,650 டாலர் கேட்டது, கூடவே ஒரு நிபந்தனை: நண்பர் தனியாகவோ பயணியோடோ பறப்பதற்கு முன்னால் இன்ஸ்ட்ரக்டரோடு 3 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரியவருக்கு அதற்குள் 71 வயது, அவருக்கு ஒரு தனி நிபந்தனை. சட்டப்படி அவருக்கு வேண்டிய மருத்துவப் பரிசோதனை எப்படியிருந்தாலும், இன்சூரன்ஸுக்காக வருஷத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் போய்ச் சான்று கொண்டுவர வேண்டும்.

நண்பர் கோபத்தில் வேறு இரண்டு புரோக்கர்களுக்கு போன் போட்டார். அங்கே ஒரு பாடம் கிடைத்தது. விமான இன்சூரன்ஸில் கம்பெனிகள் பெரும்பாலும் ஒரு விமானத்துக்கு ஒரு புரோக்கரிடம்தான் விலை சொல்லும். முதலில் விண்ணப்பம் கொண்டுவந்தவர் யாரோ அவருக்கே. இரண்டாமவர் கேட்டால், ஏற்கெனவே விலை சொல்லியாகிவிட்டது என்பார்கள். நேரடியாக விற்கும் கம்பெனியும் உண்டு, அதற்குத் தனியாகப் போன் செய்யலாம். பெரியவர் அதைக்கூட வேண்டாம் என்றார். 70 தாண்டிய புது வாடிக்கையாளரைப் பல கம்பெனிகள் எடுப்பதில்லை. இருக்கும் கம்பெனியை விட்டு வெளியே போனால் தனக்குத் திரும்ப வழி இருக்காது என்று அவர் பயந்தார். அது நியாயமான பயம்தான்.

ஏன் இவ்வளவு ஏறியது

இதில் மூன்று விஷயம் கலந்திருந்தது. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் கோபப்பட்டதுதான் நாங்கள் முதலில் செய்த தப்பு.

முதலாவது சந்தை. விமான இன்சூரன்ஸ் உலகம் சின்னது. 2000-களில் ஆரம்பித்து ரொம்ப நாள் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வந்தன, இழப்புகள் அதைத் தாண்டிப் போயின. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரண்டு போயிங் 737 மேக்ஸ் விபத்துகள் சுமையைக் கூட்டின. பெரிய விமானத்துக்கும் சின்ன செஸ்னாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இந்தக் கம்பெனிகள் தங்கள் பாரத்தை இறக்கி வைக்கும் மறுகாப்பீட்டுக் கம்பெனிகள் பல இடங்களில் ஒன்றுதான், சம்பந்தம் அங்கே இருக்கிறது. 2019 முதல் சில கம்பெனிகள் சின்ன விமானங்களை விட்டே விலகின, மிச்சமிருந்தவை விலையை ஏற்றின. இதில் நண்பர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இரண்டாவது ஹல் மதிப்பு. 2019-ல் எழுதிய 48,000 அப்படியே இருந்தது. ஆனால் கொரோனா காலத்தில் பழைய விமானங்களின் விலை எகிறியது, இதே வயது 172-கள் 75,000-க்கு மேல் விற்றன. மதிப்பைக் குறைவாக வைத்தால் பிரீமியம் மிச்சம் என்று நினைப்பது ஆபத்து. 48,000 என்று எழுதிய விமானத்தில் 40,000 டாலர் சேதம் வந்தால், கம்பெனி 48,000-ஐக் கொடுத்துவிட்டு விமானத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் பணத்தில் அதே விமானத்தைத் திரும்ப வாங்க முடியாது. புரோக்கர் 75,000-க்கு ஏற்றச் சொன்னார். 2,650 என்பது அந்த மதிப்புக்கான விலை, பழைய மதிப்புக்கு 2,210.

மூன்றாவது அந்த 11. நண்பரால் ஏற்கவே முடியாதது இதுதான். காரைக் குறைவாக ஓட்டினால் பிரீமியம் குறைகிறது, ஓட்டிய மைலைப் பொறுத்துக் கட்டும் திட்டம்கூட அமெரிக்காவில் இருக்கிறது. விமானத்தை ஹேங்கரிலேயே நிறுத்தி வைத்திருப்பவனிடம் எதற்குக் கூடுதலாக வாங்குகிறார்கள்? கம்பெனி பார்ப்பது வேறு. வருஷத்துக்கு 11 மணி நேரம் பறப்பவர் குறைந்த தடவைதான் ஆபத்தை எதிர்கொள்கிறார், அது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் துருப்பிடித்த கையோடு எதிர்கொள்கிறார். சின்ன விமானங்களில் சேதம் அதிகம் நடக்கும் இடம் தரையிறக்கம், கை மறப்பதும் அங்கேதான். மணிக்கணக்கு பாதியானதற்காகப் பிரீமியத்தைப் பாதியாக்க அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது.

இது எனக்கும் அன்றுதான் மனசில் ஏறியது. நானும் அந்த வருஷம் 20-ஐத் தாண்டவில்லை.

மேஜையில் இருந்த வழிகள்

நண்பரின் பங்குக்கு ஒரு வருஷச் செலவை எழுதினோம். இன்சூரன்ஸில் பாதி 1,325. ஹேங்கரில் பாதி 1,800. வருஷாந்திரப் பரிசோதனையில் பாதி சுமார் 1,100. பெட்ரோல் 11 மணிக்கு 550. ஆக 4,775 டாலர், எஞ்சின் ஓவர்ஹாலுக்கு ஒதுக்கும் பணம் இதில் சேரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு 434 டாலர். அதில் இன்சூரன்ஸ் மட்டும் 120, பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

குளிர்காலம் நான்கு மாதமும் விமானத்தைப் பறக்காமல் நிறுத்தி, அந்தக் காலத்துக்குத் தரையில் நிற்கும்போது மட்டும் காப்பு என்று எழுதிக்கொள்ளலாம், அதற்குக் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. கேட்டுப் பார்த்தோம், 180 டாலர் குறையும் என்றார்கள். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் திடீரென ஒரு நாள் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், அன்றைக்குப் பறக்க முடியாது. இன்னொரு காரணமும் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த விமானத்தின் லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் மேலே இருக்கிறது. நாள்கணக்கில் ஓடாமல் நின்றால் எண்ணெயெல்லாம் கீழே வடிந்து கேம் காய்ந்துபோகும், ஈரம் பட்டால் துரு பிடிக்கும். “180 டாலருக்காக அதைக் கெடுப்பேனா?” என்றார்.

மூன்றாவது கூட்டாளியைச் சேர்ப்பது இன்னொரு வழி. பங்கு சிறிதாகும், ஆனால் நண்பரின் 11 என்ற எண் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும், பெரியவரும் அதற்காக விலை கொடுத்துக்கொண்டே இருப்பார். அது நண்பருக்கு உறுத்தியது. நிறைய பறந்து எண்ணை ஏற்றுவது நல்ல வழி, அந்த வருஷம் வீட்டு நிலைமை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் பங்கை விற்றுவிட்டு, வேண்டும்போது பயிற்சிப் பள்ளியில் வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது. விற்கும்வரை பாலிசியை 2,650-க்கே புதுப்பித்தார்கள். 2022 ஆகஸ்டில் திடலிலேயே ஒருவர் 37,000-க்கு வாங்கினார். மேகத்துக்குள் பறக்கத் தகுதி உள்ளவர், வருஷத்துக்கு 60 மணி நேரம் பறப்பவர். அடுத்த வருஷப் பிரீமியம் 2,180-ஆக இறங்கியது என்று பெரியவர் சொன்னார். அதே விமானம், அதே ஹல் மதிப்பு, பெரியவருக்கு வயது ஒன்று கூடியிருந்தது. மாறியது ஒரு பெயர்தான்.

வாடகைக்கு மாறியபோது எடுத்த முடிவு

வாடகைப் பள்ளியில் விமானம் மணிக்கு 170 டாலர், பெட்ரோல் சேர்த்து. இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டபோது வரவேற்பு மேஜையில் இருந்த பையன், “எங்க பாலிசி இருக்கு, ஏதாவது ஆனா டிடக்டிபிள் 5,000 மட்டும்தான் உங்க பொறுப்பு” என்றார். டிடக்டிபிள் என்பது சேதத் தொகையில் இன்சூரன்ஸ் கம்பெனி தராமல் கழித்துக்கொள்ளும் பகுதி. நண்பரும் சொந்த விமானம் இல்லாதவர்களுக்கான ஒரு பாலிசியை எடுத்தார்: லயபிலிட்டி, கூடவே வாடகை விமானச் சேதத்துக்கு 5,000. வருஷத்துக்கு 210 டாலர். முடிந்தது என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவரை நிறுத்தியது அந்தப் பள்ளியிலேயே வேலை பார்த்த ஓர் இன்ஸ்ட்ரக்டர் அம்மா, 60 வயது இருக்கும். வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். விமானத்துக்கு ஆகும் எல்லாச் சேதத்துக்கும், விமானம் ஓடாமல் நிற்கும் நாட்களின் வருமான இழப்புக்கும் வாடகைக்கு எடுப்பவரே பொறுப்பு என்று எழுதியிருந்தது. 5,000 என்ற எண் ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. “அந்த 5,000 பள்ளியோட டிடக்டிபிள். பள்ளியோட பாலிசி பள்ளியைத்தான் காப்பாத்தும். அந்தக் கம்பெனி பணத்தைக் குடுத்துட்டு, யார் கையில விமானம் இருந்துச்சோ அவங்ககிட்ட திரும்ப வசூல் பண்ண வருவாங்க” என்றார். இதற்கு சப்ரொகேஷன் என்று பெயர். நஷ்டஈடு கொடுத்தவர், நஷ்டத்துக்குக் காரணமானவரிடம் அதைத் திரும்பக் கேட்கும் உரிமை.

அன்று சாயங்காலமே நண்பர் போன் செய்து வாடகை விமானச் சேதத்துக்கான அளவை 50,000-க்கு ஏற்றினார். பிரீமியம் 430 ஆனது. விமானத்தின் முழு விலைக்கும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். சின்னப் பழுது முதல் நடுத்தரச் சேதம் வரை இதில் அடங்கும், விமானமே போகும் அளவுக்கு நடந்தால் அப்போது கவலை வேறாக இருக்கும் என்பது அவர் கணக்கு. எனக்கு அது முழுசாகச் சரியாகப் படவில்லை, ஆனால் அவர் பணம்.

2023 செப்டம்பர் 16

ஜூலை 4-ம் தேதி 3 முறை தரையிறங்கிப் பழகியிருந்தார். அதற்கப்புறம் 74 நாள் பறக்கவில்லை. பயணியை ஏற்ற வேண்டுமானால் முந்தைய 90 நாளுக்குள் 3 முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கில் அவர் சரியாகவே இருந்தார். ஆபீஸ் நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஏரிக் கரையோரம் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பினார்.

காற்று விட்டுவிட்டு வீசியது. அவர் சொன்னது இது. காற்றுக்குப் பயந்து வேகத்தைக் கூட்டி 75 நாட் (விமான வேகத்தின் அளவு) வேகத்தில் இறங்கினார், 65 வாக்கில் இருந்திருக்க வேண்டும். ரன்வேக்கு மேல் விமானம் மிதந்துகொண்டே போனது. பொறுமை இழந்து கீழே வைத்தார். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றாகப் பட்டு எகிறியது. எகிறிய மூக்கை அடக்கக் கை தானாக யோக்கை, அதாவது விமானத்தின் ஸ்டியரிங்கை, முன்னால் தள்ளியது, அப்போது தள்ளவே கூடாது. இரண்டாவது எகிறல் இன்னும் உயரம். மூன்றாவது தடவை முன்சக்கரம் மட்டும் தனியாக அடித்தது. முதல் எகிறலிலேயே முழு விசை கொடுத்து மறுபடி ஏறியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பயிற்சியில் அதை அவர் நூறு தடவை செய்திருப்பார்.

யாருக்கும் அடி இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தபோது புரொப்பெல்லரின் இரண்டு நுனியும் வெயிலில் வாடிய வாழை இலை மாதிரி பின்பக்கமாக மடிந்திருந்தன. முன்சக்கரத்துக்கு மேலே, எஞ்சினையும் அறையையும் பிரிக்கும் ஃபயர்வாலில் தகடு சுருக்கம் விழுந்திருந்தது. 172-ல் முன்சக்கரத்தில் இப்படி விழுந்தால் வழக்கமாக அடிபடும் இடம் அது. நண்பர் அந்தச் சுருக்கத்தைத் தடவியபடியே நின்றிருந்தார், நான் போய்ச் சேர்ந்தபோது கை இன்னும் அங்கேயே இருந்தது.

பில்

சுழலும் புரொப்பெல்லர் தரையில் பட்டால் எஞ்சினைப் பிரித்து உள்ளே கிராங்க்ஷாஃப்ட் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு) வரை பார்த்தாக வேண்டும், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் சரி. புது புரொப்பெல்லர், எஞ்சின் பரிசோதனை, முன்சக்கர அமைப்பு, ஃபயர்வால். மொத்தம் 41,600 டாலர். பள்ளியின் கம்பெனி, டிடக்டிபிள் 5,000 போக 36,600 கொடுத்தது.

டிசம்பரில் நண்பர் வீட்டுக்குக் கடிதம் வந்தது. அந்தக் கம்பெனி 36,600-ஐ அவரிடம் கேட்டிருந்தது. பள்ளி தனியாக 5,000-ஐயும், விமானம் 14 வாரம் நின்றதற்கான இழப்பையும் கேட்டது. இன்ஸ்ட்ரக்டர் அம்மா ஒரு வருஷம் முன்னால் சொன்னது வரிக்கு வரி நடந்தது.

நண்பர் கடிதத்தைப் பிரித்த அன்றே தன் கம்பெனிக்கு அனுப்பினார். சம்பவம் நடந்த மறுநாளே அவர்களுக்குத் தகவல் சொல்லியிருந்தார், அது உதவியது. அவர்கள் கேட்டது லாக்புக், மருத்துவச் சான்று, மறுபரிசீலனைப் பறப்பு நடந்த தேதி. அந்தப் பறப்பு 24 மாதத்துக்கு ஒரு முறை கட்டாயம், குறைந்தது ஒரு மணி நேரப் பாடமும் ஒரு மணி நேரப் பறப்பும் இருக்க வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் பாலிசியே நிற்காமல் போயிருக்கலாம். நண்பருக்கு இன்னும் 5 மாதம் பாக்கி இருந்தது. வருமான இழப்பைப் பேசி 6,000-க்கு முடித்தார்கள், அவருடைய பாலிசியில் அதுவும் அதே 50,000-க்குள் அடங்கியது. ஆக 47,600, முழுவதும் கம்பெனி கட்டியது.

பழைய 5,000 பாலிசியோடு இருந்திருந்தால் 42,600 டாலர் சொந்தக் கையிலிருந்து போயிருக்கும். இரண்டுக்கும் வருஷப் பிரீமியத்தில் வித்தியாசம் 220 டாலர்.

இன்னொன்றையும் அன்று பேசினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் நண்பருக்கு முதுகெலும்பில் அடி பட்டிருந்தால்? பயணிக்கு 1 லட்சம் என்ற உச்சவரம்பு, அமெரிக்க ஆஸ்பத்திரியில் சில நாளில் கரைந்துவிடும். மீதிக்கு நண்பரின் வீடும் சேமிப்பும்தான். பயணிக்குத் தனி வரம்பு இல்லாத பாலிசி விலை அதிகம், குறைந்த மணி நேரக்காரர்களுக்குக் கிடைப்பதும் கஷ்டம். இதற்கு எங்களிடம் நல்ல பதில் இல்லை. அதிலிருந்து அவர் யாரை ஏற்றுகிறார், எப்போது ஏற்றுகிறார் என்பதில் கண்டிப்பாகிவிட்டார்.

அதற்கப்புறம்

2024 புதுப்பிப்பில் அதே பாலிசிக்கு 690 கேட்டார்கள். வேறொரு கம்பெனி க்ளெய்மைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. படிவங்களில் க்ளெய்ம் பற்றிய கேள்வி இன்னும் சில வருஷம் அவரோடு வரும். விட்டுவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தார். அவர் மனைவிதான் ஒரு நாள் சொன்னார்: “நிறுத்தறதுன்னா நிறுத்திடுங்க. பறக்கறதுன்னா ஒழுங்கா பறங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை போய்ட்டு வர்றதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

2024 ஏப்ரலில் அதே இன்ஸ்ட்ரக்டர் அம்மாவிடம் போனார். 6 மணி நேரம் தரையிறக்கம் மட்டும். எகிறினால் யோசிக்காமல் விசை கொடுத்து ஏறுவது, மறுபடி, மறுபடி. அப்புறம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மாதத்துக்கு குறைந்தது 2 மணி நேரம், போக ஊர் இல்லாவிட்டாலும். 45 நாள் தாண்டினால் பயணி கிடையாது, முதலில் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு சுற்று. எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு) நடத்தும் விங்ஸ் பயிற்சித் திட்டத்தில் ஒரு கட்டம் முடித்தால் அது மறுபரிசீலனைப் பறப்புக்கும் கணக்காகும் என்பதால் அதிலும் சேர்ந்தார். சில கம்பெனிகள் இதற்குத் தள்ளுபடி தருகின்றன, அவருடைய கம்பெனி தரவில்லை, இருந்தும் விடாமல் செய்தார்.

இப்போது செய்வதென்றால் எதை மாற்றுவோம்

இதைப் பற்றி நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம். விமானத்தை விற்றது சரிதான் என்று அவர் இன்னும் நினைக்கிறார், நானும்தான். அந்த மணிக்கணக்கில் சொந்தம் கொண்டாடுவது கட்டுப்படியாகாது. தப்பு அதற்கு அடுத்து நடந்தது. விற்றதில் மிச்சமான பணத்தில் கொஞ்சத்தையாவது பறப்பதற்குப் போட்டிருக்க வேண்டும். வருஷத்துக்கு 4,775 செலவழித்தவர் வாடகைக்கு மாறியபின் 2023-ல் மொத்தம் 9 மணி நேரம்தான் பறந்தார். செலவு குறைந்துவிட்டது என்ற நிம்மதியில் பழக்கமும் குறைந்தது. 2022-ல் கம்பெனி எங்களிடம் கேட்ட கூடுதல் பணத்தை நாங்கள் அநியாயம் என்று மட்டும் படித்தோம். அதோடு சேர்த்து 3 மணி நேரம் இன்ஸ்ட்ரக்டரோடு பற என்று அவர்களே எழுதியும் கொடுத்திருந்தார்கள்.

வாடகை ஒப்பந்தத்தைக் கையெழுத்துப் போடும் முன்னால் நாங்களே படித்திருக்க வேண்டும். அந்த அம்மா அன்று விடுமுறையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. நான் அதே பள்ளியில் அதே ஒப்பந்தத்தில் மூன்று வருஷம் முன்பே கையெழுத்துப் போட்டவன், ஒரு வரிகூடப் படித்ததில்லை. அந்த வாரமே என் பாலிசியையும் எடுத்துப் பார்த்து மாற்றினேன்.

50,000 என்ற அளவு இவருக்குப் போதியதாக இருந்தது, 2,400 டாலர் இடைவெளியில். எஞ்சினுக்குள் கிராங்க்ஷாஃப்ட் விரிசல் விட்டிருந்தால் போதியிருக்காது. இப்போது 80,000 வைத்திருக்கிறார்.

2025 புதுப்பிப்புப் படிவத்தை அவர் எனக்குக் காட்டினார். க்ளெய்ம் கட்டத்தில் ஆம் என்று எழுதி, தேதியும் தொகையும் போட்டிருந்தார். கடந்த 12 மாதம்: 27. கடந்த 90 நாள்: 5. விலை 80,000-க்கு 640 டாலர் வந்தது. பணத்தைக் கட்டிவிட்டு, அந்தச் சனிக்கிழமை வானம் தெளிந்திருந்ததால், திடலைச் சுற்றி ஆறு தரையிறக்கம் செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.